முச்சந்திகள் மோதும்போது: வளைவுப் பாய்வில் ஒரு வலை என்ன ஆகும்?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் முதலில் சொல்லிவிடுகிறேன். தளத்தில் வரைந்த ஒரு மூடிய வளைகோட்டின் ஒவ்வொரு புள்ளியும், அந்த இடத்தில் கோடு எவ்வளவு வளைந்திருக்கிறதோ அவ்வளவு வேகத்தில் வளைவின் உட்பக்கம் நகர்ந்தால், கோடு மெல்ல வட்டமாகி ஒரு புள்ளியில் மறைந்துவிடும் என்று படித்திருக்கிறீர்கள். இந்த நகர்வைத்தான் வளைவுப் பாய்வு என்கிறோம். ஒற்றைக் கோட்டுக்குப் பதில், பல கோடுகள் கூடிப் பிரியும் ஒரு வலைக்கு அதே விதியைக் கொடுத்தால் எல்லா அறைகளும், அதாவது கோடுகள் அடைத்த பகுதிகளும், சுருங்குமா, கடைசியில் ஏதாவது மிஞ்சுமா என்பது உங்கள் கேள்வி. கூடவே, போகிற போக்கில், "இரண்டு சந்திகள் மோதிவிட்டால் அதற்கப்புறம்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் விடை அதன் வழியாகத்தான் வருகிறது. இந்தப் பாய்வுகளைப் பல ஆண்டுகள் கணினியில் ஓட்டிப் பார்த்தவன், நிரூபணங்களோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் எழுதுகிறேன். எது நிரூபிக்கப்பட்டது, எது இன்னும் நம்பிக்கை அளவில் நிற்கிறது என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

ஒற்றைக் கோட்டின் கதை முழுதும் தெரிந்த கதை. குவிந்த கோடுகளுக்கு கேஜும் ஹாமில்டனும் 1986இல் நிரூபித்தார்கள். தன்னைத் தானே வெட்டாத எந்த மூடிய கோடும், எவ்வளவு சுருண்டு நெளிந்திருந்தாலும், முதலில் குவிந்து பிறகு வட்டமாகும் என்று 1987இல் கிரேசன் நிரூபித்தார். இதில் நீங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: உள்ளே அடைபட்ட பரப்பளவு குறையும் வீதம் வடிவத்தைப் பொறுத்ததே அல்ல. கோட்டை ஒரு முறை சுற்றி வந்தால் தொடுகோட்டின் திசை மொத்தம் 360 டிகிரி திரும்புகிறது. பரப்பு குறையும் வீதம் அந்த மொத்தத் திருப்பம்தான். அதனால் அலகுகளை வசதியாக வைத்துக்கொண்டு, மூடிய கோடு ஒவ்வொன்றும் ஓர் அலகு நேரத்தில் 360 அலகு பரப்பை இழக்கிறது என்று சொல்லிவிடலாம். வட்டமானாலும் சரி, நட்சத்திர வடிவமானாலும் சரி.

இப்போது சந்திக்கு வருவோம். இந்தப் பாய்வு மொத்த நீளத்தை முடிந்த அளவு வேகமாகக் குறைக்கும் பாய்வு. நான்கு கோடுகள் ஒரு புள்ளியில் கூடினால் அந்தப் புள்ளியை இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு சிறு கோட்டை விட்டாலே மொத்த நீளம் குறைந்துவிடும். ஐந்து, ஆறு கோடுகள் கூடினாலும் அப்படியே. அதனால் நாற்சந்திகள் நிலைப்பதில்லை, முச்சந்திகள்தான் நிலைக்கின்றன. மூன்று கோடுகளும் ஒரே அளவு இழுத்தால் அவை 120 டிகிரி இடைவெளியில்தான் நிற்க முடியும். உலோகவியலில் இது ஹெர்ரிங் நிபந்தனை என்று பழக்கம். கோட்டுக்குக் கோடு இழுவிசை மாறினால் கோணங்களும் மாறும். கீழே நான் சொல்வது எல்லாம் இழுவிசை சமமாக இருக்கும் நிலைக்கு மட்டும். இப்படி எல்லாச் சந்தியும் 120 டிகிரி முச்சந்தியாக இருக்கும் வலையை ஒழுங்கான வலை என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு முச்சந்தியைச் சற்று அருகில் போய்ப் பாருங்கள். அங்கிருந்து புறப்படும் மூன்று தொடுகோட்டு அலகு வெக்டர்களைக் கூட்டினால் சுழி. அவற்றை 90 டிகிரி திருப்பினால் கிடைக்கும் மூன்று செங்குத்து வெக்டர்களைக் கூட்டினாலும் சுழி. சந்தி ஒரே புள்ளி என்பதால் அதற்கு ஒரே திசைவேகம்தான். ஒவ்வொரு கோடும் தன் செங்குத்துத் திசையில் அந்த வேகத்தின் பங்கைத் தன் வளைவாகக் காட்ட வேண்டும். ஆகவே சந்தியில் மூன்று கோடுகளின் வளைவையும் குறியோடு கூட்டினால் சுழிதான் வரும். ஒரு கோடு ஒரு பக்கம் வளைந்தால் மற்ற இரண்டும் சேர்ந்து அதை ஈடுகட்டியாக வேண்டும். இன்னொன்றும் தெரிகிறது: சந்தி நகரும்போது கோடுகள் செங்குத்தாக மட்டும் நகர்ந்தால் போதாது, தங்கள் நீளவாக்கிலும் நழுவ வேண்டும். ஆரம்பத்தில் நான் எழுதிய நிரலில் புள்ளிகளைச் செங்குத்தாக மட்டும் நகர்த்தினேன். சில நூறு படிகளில் மூன்று கோடுகளின் முனைகளும் ஆளுக்கொரு திசையில் போய், சந்தி இருந்த இடத்தில் ஒரு சிறு முக்கோண ஓட்டை நின்றது. சமன்பாடு சரியாகத்தான் இருந்தது. சந்தியின் நிபந்தனையையும் சமன்பாட்டின் ஒரு பகுதியாக நான் எடுத்துக்கொள்ளாததுதான் பிழை. ஒழுங்கான வலையிலிருந்து தொடங்கினால் குறுகிய காலத்துக்காவது பாய்வு உண்டு என்பதை ப்ரான்சார்டும் ரைட்டிக்கும் 1993இல் நிறுவினார்கள். மூன்று கைகள் கொண்ட ஒற்றை முச்சந்தியை மாண்டெகாட்சா, நோவாகா, டோர்டொரெல்லி மூவரும் 2004இல் விரிவாக ஆராய்ந்தார்கள்.

எல்லா அறைகளும் சுருங்குமா என்பதற்கு விடை இந்த 120இலிருந்தே வந்துவிடுகிறது. ஓர் அறையின் எல்லையைச் சுற்றி வாருங்கள். மொத்தம் 360 டிகிரி திரும்பியாக வேண்டும். ஆனால் ஒவ்வொரு மூலையிலும் உட்கோணம் 120 என்பதால் அங்கேயே 60 டிகிரி திரும்பிவிடுகிறோம். சுவர்கள் வளைந்து திரும்ப வேண்டியது மீதி மட்டும்தான். ஐந்து மூலை என்றால் மீதி 60. அறை ஓர் அலகு நேரத்தில் 60 அலகு பரப்பை இழக்கும். ஆறு மூலை என்றால் மீதி எதுவுமில்லை. சுவர்கள் எப்படி நெளிந்தாலும் பரப்பு மாறாது. ஏழு மூலை என்றால் கணக்கு எதிர்ப்பக்கம் போகிறது. அறை 60 வீதம் வளர்கிறது. அறையின் அளவோ வடிவமோ இதில் வருவதே இல்லை, பக்கங்களின் எண்ணிக்கை மட்டும்தான். சோப்பு நுரைக்கு இந்த விதியை வான் நியூமன் சொன்னது 1952இல் அச்சானது. உலோகத்தின் படிக மணிகளுக்கு மல்லின்ஸ் 1956இல் எழுதினார். இரண்டும் ஒரே விதியாகத் தெரிந்தாலும் உள்ளே நடப்பது வேறு. நுரையில் ஒவ்வொரு சுவரும் எப்போதும் வட்டவில்லாகவே இருக்கும், காற்று சுவர் வழியே மெல்லக் கசிவதால் அறை மாறும். நீங்கள் கேட்ட பாய்வில் சுவர் எந்த வடிவிலும் இருக்கலாம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் நுரைப் படங்களை இந்தப் பாய்வுக்கு உதாரணமாகப் போடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஆக, சில அறைகள் வளரும். இங்கே ஒரு சிக்கல் தலைதூக்குகிறது. எங்கும் முனை கட்டப்படாத, ஒரு வட்டத்துக்குள் அடங்கிய வலையை எடுத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து அதிகத் தொலைவில் இருக்கும் வலைப்புள்ளி ஒரு முச்சந்தியாக இருக்க முடியாது. 120 டிகிரி இடைவெளியில் கிளம்பும் மூன்று திசைகளில் ஒன்றாவது வெளிப்பக்கம் போய்விடும். எனவே அது ஏதோ ஒரு கோட்டின் முனைகளுக்கு இடையில் உள்ள புள்ளி, அங்கே கோடு குறைந்தது அந்த வட்டத்தின் அளவுக்காவது உள்நோக்கி வளைந்திருக்கும். அப்படியானால் வெளி வட்டமும் அதே விதிப்படி சுருங்கினால், வலை என்றைக்கும் அதைத் தாண்டி வெளியே வராது. வட்டம் குறித்த காலத்தில் புள்ளியாகிறது. அதற்குள் வலை முழுதும் மறைந்தாக வேண்டும். ஏழு பக்க அறை வளர்ந்துகொண்டே இருக்கும் என்கிறது ஒரு கணக்கு. எல்லாம் மறையும் என்கிறது இன்னொரு கணக்கு. இரண்டுமே சரி. இரண்டையும் ஒத்துப்போக வைப்பது சந்திகளின் மோதல்தான்: வளரும் அறை வழியில் தன் பக்கங்களை இழக்கிறது.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை நடத்திப் பார்க்கலாம். எட்டு இதழ் கொண்ட ஒரு பூ: நடுவில் ஓர் அறை, அதைச் சுற்றி எட்டு ஒத்த இதழ் அறைகள், எட்டு மடங்கு சமச்சீரோடு. நடு அறைக்கு எட்டுப் பக்கம். அது 120 வீதம் வளர்கிறது. ஒவ்வோர் இதழுக்கும் நான்கு பக்கம்: உட்சுவர், வெளிச்சுவர், அக்கம்பக்கத்து இதழ்களோடு பகிரும் இரண்டு குறுக்குச்சுவர். ஒவ்வோர் இதழும் 120 வீதம் சுருங்குகிறது. கூட்டினால் பூவின் மொத்தப் பரப்பு 840 வீதம் குறைகிறது. வெளி எல்லையை நேரடியாகச் சுற்றி வந்து கணக்கிட்டாலும், எட்டு மூலைகளும் இங்கே எதிர்ப்பக்கம் திரும்புவதால், 360உடன் 480ஐக் கூட்டி அதே 840 கிடைக்கும். இதழ்கள் தனித்தனியாகப் புள்ளியாக முடியாது, ஏனென்றால் ஒன்றின் சுவர் அடுத்ததன் சுவர். வளரும் நடு அறையைச் சுற்றி அவை சங்கிலியாகக் கோத்து நிற்கின்றன. எனவே முதலில் காணாமல் போவது அந்தக் குறுக்குச்சுவர்கள். சமச்சீரால் எட்டும் ஒரே நேரத்தில் சுழி நீளத்தை அடைகின்றன.

அந்தக் கணத்தில் ஒரு குறுக்குச்சுவரின் இரு முனை முச்சந்திகளும் மோதி ஒரு நாற்சந்தி உண்டாகிறது. மோதலுக்கு முன் ஒவ்வொரு முனையிலும் மற்ற இரு கோடுகளுக்கிடையே 120 டிகிரி இருந்தது. ஆகவே நாற்சந்தியில் கோணங்கள் 120, 60, 120, 60 என்று மாறி மாறி வரும். 60 டிகிரி இடுக்குகள் இதழ்களின் பக்கம் இருக்கின்றன. நாற்சந்தி நிலைக்காது என்று முன்பே பார்த்தோம். அது மறுபடி இரண்டு முச்சந்திகளாகப் பிரியும், ஆனால் பழைய சுவரின் திசையில் அல்ல, அதற்குச் செங்குத்தாக. புதிய சுவர் நடு அறையையும் வெளி உலகையும் பிரித்துக்கொண்டு திறக்கிறது. பழைய சுவரைப் பகிர்ந்த இரு அறைகளுக்கும் ஒவ்வொரு பக்கம் குறைகிறது; எதிரெதிரே இருந்த இரண்டுக்கும் ஒவ்வொரு பக்கம் கூடுகிறது. நம் பூவில் ஒவ்வோர் இதழும் இரண்டு பக்க வில்லையாகிவிடுகிறது, 240 வீதம் சுருங்குகிறது. நடு அறைக்குத் திடீரென்று பதினாறு பக்கம். 600 வீதம் வளர்கிறது. பிறகு எட்டு வில்லைகளும் ஒரே நேரத்தில் மறைகின்றன. நடு அறையைச் சுற்றி இப்போது ஒரு சந்தியும் இல்லை, அது வெறும் மூடிய வளைகோடு. 360 வீதம் சுருங்கி, கிரேசன் சொன்னபடி வட்டமாகி, மறைகிறது. 120, 600, பிறகு 360 இழப்பு. மூன்று கட்டங்களையும் பிரித்தது இரண்டு மோதல்கள்.

இந்தச் சுவர் மோதலில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, வளைவு எங்கும் முடிவிலிக்குப் போவதில்லை என்பது. சாதாரண வளைவுப் பாய்வில் கோடு உடையும் நேரம் என்றாலே வளைவு எல்லை மீறுகிறது என்று பொருள். இங்கே நீளம் மட்டும் சுழியாகிறது, வளைவு கட்டுக்குள்ளேயே நிற்கிறது. மாண்டெகாட்சா, நோவாகா, ப்ளூடா மூவரும் 2022இல் வெளியிட்ட கட்டுரையில் இதை நிறுவினார்கள். மூடிய அறையே இல்லாத, மரம்போல் கிளை விடும் வலைகளில், முனைகளைத் தவிர்த்த உட்பகுதியில் நேரக்கூடிய உடைவு இது ஒன்றுதான் என்றும் காட்டினார்கள். ஆனால் ஒரு நிபந்தனையோடு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஓர் அறையே புள்ளியாகும்போது கதை வேறு. அப்போது வளைவு நிச்சயம் எல்லை மீறும். அந்த நேரத்தில் பெரிதாக்கிப் பார்த்தால், தன் வடிவம் மாறாமல் அளவில் மட்டும் சுருங்கும் வலை ஒன்று தெரியும். ஒரே சந்தியும் ஒரு கைப்பிடியும் உள்ள கரண்டி போன்ற வடிவம் அவற்றில் பேர்போனது, பிரேக்கின் பெயரில் வழங்குவது. இரண்டு முச்சந்திகளை மூன்று கோடுகள் இணைக்கும், ஒட்டிய இரண்டு அறைகள் கொண்ட வலை அப்படித் தன் வடிவிலேயே சுருங்க முடியுமா என்பது பல ஆண்டுகள் கேள்வியாகவே இருந்தது. முடியாது என்று பால்டி, ஹவுஸ், மாண்டெகாட்சா 2018இல் நிரூபித்தார்கள்.

இனி உங்கள் கடைசி வரி: மோதலுக்கு அப்புறம் பாய்வைத் தொடர ஒரே வழிதானா? மேலே சொன்ன 120, 60 நாற்சந்திக்கு, இணைப்பு அறுபடாமல் தொடரும் வழி ஒன்றுதான். ஆனால் நான்கு கோடுகளும் சரியாக 90 டிகிரியில் வெட்டும் கூட்டல் குறியிலிருந்து தொடங்குங்கள். புதிய சுவர் குறுக்காகவும் திறக்கலாம், நெடுக்காகவும் திறக்கலாம். இரண்டும் சமன்பாட்டுக்கு உடன்பட்டவை. எதைத் தேர்வது என்று சமன்பாடு சொல்வதில்லை. அறைகள் புள்ளியாகும்போது இப்படிப்பட்ட தாறுமாறான சந்திகள் உண்டாக முடியும் என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது. எந்தக் கோணங்களில் எத்தனை கோடுகள் கூடினாலும் பாய்வைத் தொடங்க ஒரு வழியாவது உண்டு என்பதை இல்மானன், நெவிஸ், ஷுல்ட்ஸே காட்டினார்கள். அவர்கள் சந்தியை வெட்டி எடுத்து, அங்கே தன் வடிவம் மாறாமல் பெரிதாகிக்கொண்டே போகும் ஒரு சிறு வலையைப் பதித்தார்கள். அப்படிப்பட்ட விரியும் வலைகளை அதற்கு முன்பே மாட்சியோவும் சாயிஸும் அழகான முறையில் கண்டிருந்தார்கள்: தளத்தின் தூர அளவையே மாற்றி, எங்கும் எதிர்மறை வளைவுள்ள ஒரு வடிவியலாக்கினால், விரியும் வலை என்பது அந்த வடிவியலில் நேர்கோடுகளால் ஆன வலையாகிவிடுகிறது. ஒவ்வொரு கிளையமைப்புக்கும், அதாவது எந்தக் கோடு எதனோடு இணைகிறது என்ற ஒவ்வொரு முறைக்கும், அதிகபட்சம் ஒன்று. நான்கு கோடுகளுக்கு இரண்டு கிளையமைப்புகள், அதனால்தான் கூட்டல் குறிக்கு இரண்டு விடைகள்.

அந்த நிபந்தனைக்கு வருகிறேன். மோதும் நேரத்தில் பெரிதாக்கிப் பார்க்கும்போது இரண்டு கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து இரட்டைக் கோடாகத் தெரியாது என்று நம்புகிறோம். என் பூவில் இதழ்கள் நசுங்கி வெறும் வில்லாக மாட்டா என்று நான் எடுத்துக்கொண்டதும் இதே நம்பிக்கையில்தான். இரண்டு முச்சந்திகள் வரை உள்ள வலைகளுக்கு இது நிரூபிக்கப்பட்டுவிட்டது. பொதுவான வலைக்கு நான் அறிந்தவரை இது ஊகம்தான். மேலே சொன்ன மரவடிவ முடிவும் இதையே சார்ந்து நிற்கிறது. கணினியில் ஒருமுறைகூட இரட்டைக் கோட்டை நான் பார்த்ததில்லை, ஆனால் அது நிரூபணம் ஆகாது. மோதல்களைப் பற்றிக் கவலைப்படாமல் எல்லாக் காலத்துக்கும் பாய்வை வரையறுக்கும் தளர்ந்த தீர்வுகளும் உண்டு. பிரேக் 1978இல் தொடங்கிய வழி அது. கிம், டோனெகாவா இருவரும் 2017இல் மிகப் பொதுவான வலைகளுக்கு அதைக் கட்டிக் காட்டினார்கள். முதல் மோதல் வரை இன்னொரு வகைத் தளர்ந்த தீர்வு சாதாரணத் தீர்வோடு ஒத்துப்போகும் என்பது ஃபிஷர், ஹென்சல், லாக்ஸ், சைமன் நால்வரின் முடிவு. மோதலுக்குப் பின் அப்படி ஒரு பொது உத்தரவாதத்தை எதிர்பார்க்கவே கூடாது, கூட்டல் குறி அதைத் தடுக்கிறது.

ஏதாவது மிஞ்சுமா என்றீர்கள். முனைகள் கட்டப்படாமல் ஒரு வட்டத்துக்குள் அடங்கிய வலையில் எதுவும் மிஞ்சாது, அதை மேலே பார்த்தோம். முனைகளைத் தளத்தில் ஆணியடித்து நிறுத்தினால் மிஞ்சும். மூன்று முனைகளும் ஒரு முச்சந்தியும் என்றால், எந்தக் கையின் நீளமும் சுழியை நெருங்காதவரை பாய்வு முடிவின்றி ஓடி, மூன்று நேர்கோடுகள் 120 டிகிரியில் கூடும் குறைந்த நீள வலையில் போய் நிற்கும். அந்த மூன்று முனைகளால் ஆன முக்கோணத்தின் ஒரு கோணம் 120ஐத் தாண்டினால் அப்படி ஒரு வலையே கிடையாது. ஒரு கை சுருங்கித்தான் தீர வேண்டும். முடிவற்றுப் பரந்த அறுகோண வலை அப்படியே அசையாமல் நிற்கும்.

நீங்களே நிரல் எழுதிப் பார்க்க விரும்பினால், கோடுகளைப் பின்தொடர்வதைவிட மெரிமன், பென்ஸ், ஆஷர் 1992இல் சொன்ன முறையில் தொடங்குங்கள். ஒவ்வோர் அறைக்கும் உள்ளே 1, வெளியே 0 என்று ஒரு சார்பு. எல்லாவற்றையும் சிறிது நேரம் வெப்பம்போல் பரவவிட்டு, ஒவ்வொரு புள்ளியையும் எந்த அறையின் மதிப்பு அதிகமோ அந்த அறைக்கே கொடுத்துவிடுங்கள். 120 டிகிரி தானாக வரும், மோதல்களும் தானாகக் கடக்கும். காலப்படியை மிகச் சிறிதாக வைக்காதீர்கள். ஒரு படியில் சுவர் கணினி வலைச்சட்டத்தின் ஒரு சதுரத்தைக்கூடத் தாண்டாவிட்டால் அது அங்கேயே உறைந்துவிடும். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒவ்வோர் அறையின் பரப்பையும் நேரத்துக்கு எதிராக வரையுங்கள்: ஒவ்வொன்றும் நேர்கோட்டுத் துண்டுகளாக வரவேண்டும், ஒரு மோதலில் அந்த அறையின் பக்க எண்ணிக்கை மாறும் இடத்தில் மட்டும் சாய்வு உடைய வேண்டும்.